மானியத்தை நிறுத்தினால் பண ஜாமீன் ஒழியுமா?

கேள்வி இது: அமெரிக்காவில் பண ஜாமீனை ஒழிக்காத மாநிலங்களுக்கு மத்திய அரசு மானியம் தரக்கூடாது என்று சில ஆண்டுகளுக்கு முன் மசோதாக்கள் வந்தன. இப்போது ட்ரம்ப் அதற்கு நேர்மாறாக, ஒழித்த மாநிலங்களுக்குத்தான் நிதியை நிறுத்துவேன் என்கிறார். மானியத்தைக் காட்டி ஜாமீன் முறையை மாற்றச் சொல்வது சட்டப்படி செல்லுமா? செல்லும் என்றால் பலன் இருக்குமா?

செல்லுமா என்பதற்கு முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் இயற்றி நிபந்தனை போட்டால் பெரும்பாலும் செல்லும். ஜனாதிபதி தன் உத்தரவால் மட்டும் போட்டால் நீதிமன்றத்தில் நிற்பது கஷ்டம். பலன் இருக்குமா என்றால், மிகக் குறைவு என்பது என் கருத்து. பண ஜாமீன் ஒழியவேண்டும் என்று நினைக்கிறவன்தான் நான். ஆனால் இந்த அடி விழவேண்டிய இடத்தில் விழாது, வேறு யார் தலையிலோ போய் விழும்.

நம்மூர் ஜாமீனை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் குழப்பம் வரும். இங்கே வழக்கமாக இரண்டு ஜாமீன்தாரர்கள் வந்து கையெழுத்துப் போடுவார்கள், தங்களுக்குச் சொத்தோ வருமானமோ இருப்பதாகச் சான்று காட்டுவார்கள். பல வழக்குகளில் அந்தக் கட்டத்தில் பணம் கைமாறாது. அமெரிக்காவில் அப்படியில்லை. பல ஊர்களில் குற்றத்துக்குக் குற்றம் தொகை குறித்த ஒரு பட்டியலே இருக்கும். 5,000 டாலர் என்று விதித்தால் முழுத் தொகையையும் நீதிமன்றத்தில் கட்டலாம். வழக்குக்கு ஒழுங்காக வந்துபோனால் முடிவில் திரும்பக் கிடைக்கும். அவ்வளவு பணம் இல்லாதவர் நீதிமன்றத்துக்கு எதிரே கடை போட்டிருக்கும் ஜாமீன் முகவரிடம் போகவேண்டும். அவர் பத்து சதவீதம், அதாவது 500 டாலர் வாங்கிக்கொண்டு மீதிக்குப் பொறுப்பேற்பார். அந்த 500 டாலர் திரும்பி வராது. மறுவாரமே வழக்குத் தள்ளுபடியானாலும் வராது. ஜாமீனை இப்படி ஒரு வியாபாரமாகவே நடத்தும் நாடுகள் உலகத்தில் இரண்டுதான்: அமெரிக்கா, பிலிப்பைன்ஸ். அந்த 500 டாலரும் இல்லாதவர் உள்ளேயே இருக்கவேண்டியதுதான். அமெரிக்க உள்ளூர்ச் சிறைகளில் எந்த நாளில் எண்ணிப்பார்த்தாலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பேர் இன்னும் குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள்.

நடைமுறை எப்படி இருந்தது என்று பார்க்க, ஹூஸ்டன் நகரம் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி) 2016-ல் தொடரப்பட்ட ஓடானல் வழக்கு போதும். செல்லாத உரிமத்தோடு வண்டி ஓட்டினார் என்று கைதான ஒரு இளம் தாய்க்கு 2,500 டாலர் ஜாமீன். கட்டமுடியாமல் இரண்டு நாளுக்கு மேல் உள்ளே இருந்தார். வழக்கில் வெளிவந்த விவரங்கள் இன்னும் மோசம். ஜாமீன் விசாரணை சிறையிலிருந்து காணொளி வழியாக நடக்கும். ஒருவருக்கு ஒரு நிமிடம் கிடைத்தால் பெரிது. பக்கத்தில் வக்கீல் இல்லை. என்னால் எவ்வளவு கட்டமுடியும் என்று சொல்ல வாய் திறந்தால், பேசவேண்டாம் என்று சொல்லப்படும். பட்டியலில் என்ன தொகையோ அதுவே தீர்ப்பு. 2017-ல் மத்திய நீதிபதி லீ ரோசந்தால் இது அரசியலமைப்புக்கு விரோதம் என்றார். கவுண்டி மேல்முறையீடு போய்ப் போராடியது. 2018 தேர்தலில், சிறு குற்ற நீதிமன்றங்களில் பழைய முறையைக் காப்பாற்றி நின்ற நீதிபதிகள் தோற்று, புதியவர்கள் வந்தார்கள். 2019-ல் சமரச ஒப்பந்தம் ஆனது. ஒரு வழக்கும் ஒரு தேர்தலும் சேர்ந்து செய்த மாற்றம் அது. வாஷிங்டனிலிருந்து போன எந்த மானிய நிபந்தனைக்கும் அதில் பங்கில்லை.

இனி மசோதாக்களுக்கு வருகிறேன். 2016-ல் கலிபோர்னியாவைச் சேர்ந்த பிரதிநிதி டெட் லியூ ஒரு மசோதா கொண்டுவந்தார். 2018-ல் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் ஏறக்குறைய அதே யோசனையோடு இன்னொன்று கொண்டுவந்தார். மத்திய வழக்குகளில் பண ஜாமீன் கூடாது. அதைத் தொடரும் மாநிலங்களுக்கு மத்திய அரசின் குற்றநீதி மானியம் கிடையாது. சாரம் இதுதான். இடையில் 2017-ல் கமலா ஹாரிஸும் குடியரசுக் கட்சிக்காரரான ரேண்ட் பாலும் சேர்ந்து வேறு வழியில் ஒன்று போட்டார்கள். அதில் தண்டனை இல்லை, மாற்றிக்கொள்ளும் மாநிலங்களுக்கு ஊக்கத்தொகை. மொத்தம் ஒரு கோடி டாலர். மூன்றுமே சட்டமாகவில்லை.

லியூ மசோதா நிறுத்தச் சொன்னது எந்தப் பணத்தை என்பதைத்தான் கவனிக்கவேண்டும். அதன் பெயர் எட்வர்ட் பைர்ன் நினைவு மானியம். 1988 பிப்ரவரியில் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், போதைப்பொருள் வழக்கில் சாட்சி சொல்லவிருந்த ஒருவரின் வீட்டுக்கு வெளியே இரவு காவல் இருந்த 22 வயது போலீஸ்காரரைக் காருக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். அவர் பெயரில் வந்த மானியம். மக்கள்தொகையையும் வன்முறைக் குற்றங்களையும் வைத்துக் கணக்கிட்டு, ஒவ்வொரு மாநிலத்துக்கும் உரிய தொகையில் அறுபது சதவீதம் மாநில அரசுக்கும் நாற்பது சதவீதம் நேரடியாக நகரங்களுக்கும் கவுண்டிகளுக்கும் போகும். இதில் என்ன வாங்குகிறார்கள்? வயர்லெஸ் கருவி, குண்டு துளைக்காத உடை, ரோந்து வண்டி. போதைப்பொருள் தடுப்புக் குழுக்களின் சம்பளம். ஓரளவு சிகிச்சைத் திட்டங்கள், பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவி. பெரும்பங்கு போலீஸ் பக்கம்தான் போகிறது.

நாடு முழுமைக்கும் சேர்த்து இது ஆண்டுக்குச் சில பத்து கோடி டாலர். மாநிலங்களும் உள்ளாட்சிகளும் போலீஸ், சிறை, நீதிமன்றம் ஆகியவற்றுக்குச் செலவழிப்பதோ 20,000 கோடி டாலருக்கு மேல். ஆயிரத்தில் சில பங்குதான் இந்த மானியம். இந்த விகிதத்தை நினைவில் வையுங்கள், சட்டப் பிரச்சினைக்கும் நடைமுறைப் பிரச்சினைக்கும் இதுதான் அச்சாணி.

சட்டத்தைப் பார்ப்போம். ஜாமீனில் இப்படிச் செய், அப்படிச் செய் என்று மாநில அதிகாரிகளுக்கு மத்திய அரசு கட்டளையிட முடியாது. துப்பாக்கி வாங்குபவர்களின் பின்னணியைச் சரிபார்க்கும்படி கவுண்டி போலீஸ் தலைவர்களான ஷெரிஃப்களுக்கு உத்தரவு போட்ட சட்டத்தை 1997-ல் பிரின்ட்ஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் அடித்துவிட்டது. எனவே நேர்வழி அடைபட்டது, மானியம் என்ற பக்கவாசல் மட்டும் திறந்திருக்கிறது. 1984-ல் காங்கிரஸ் அந்த வாசல் வழியாகத்தான் மது அருந்தும் வயதை நாடு முழுவதும் 21 ஆக்கியது. 21-க்குக் கீழே வைத்திருக்கும் மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஐந்து சதவீதம் வெட்டு. தெற்கு டகோட்டா எதிர்த்து வழக்குப் போட்டுத் தோற்றது. 1987-ல் வந்த அந்தத் தீர்ப்புதான் இன்றும் அளவுகோல். நிபந்தனை தெளிவாக எழுதப்பட்டிருக்கவேண்டும், மானியத்தின் நோக்கத்தோடு அதற்குத் தொடர்பு இருக்கவேண்டும், அரசியலமைப்புக்கு விரோதமான எதையும் செய்யச் சொல்லக்கூடாது, நிர்ப்பந்தம் என்று சொல்லும் அளவுக்கு நெருக்கடி இருக்கக்கூடாது.

அந்த நிர்ப்பந்தம் எங்கே தொடங்குகிறது என்பது 2012-ல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்ட வழக்கில் தெரிந்தது. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டத்தை விரிவாக்க மறுத்தால் பழைய மெடிக்கெய்ட் பணமும் போகும் என்று சட்டம் சொன்னது. ஒரு சராசரி மாநிலத்தின் மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மெடிக்கெய்ட். அதைக் காட்டி மிரட்டுவது தலையில் துப்பாக்கி வைப்பதற்குச் சமம் என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். தெற்கு டகோட்டா இழக்கவிருந்ததோ அதன் பட்ஜெட்டில் அரை சதவீதம்கூட இல்லை, அது செல்லும்.

பைர்ன் மானியம் சந்தேகமில்லாமல் தெற்கு டகோட்டா பக்கம்தான் வரும். குற்றநீதிக்கான பணம், குற்றநீதி பற்றிய நிபந்தனை, தொடர்பும் இருக்கிறது. ஆகவே காங்கிரஸ் தெளிவாக எழுதினால் தாங்கும். ஆனால் தாங்குவதற்குக் காரணமே தொகை சிறியது என்பதுதான். நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் அளவுக்குச் சிறியதாக இருந்தால் மாநிலம் அதை உதறிவிட்டுப் போகலாம். உதற முடியாத அளவுக்குப் பெரியதாக இருந்தால் நீதிமன்றம் விடாது. இந்த மசோதாக்களை ஆதரித்தவர்கள் இந்த முடிச்சைப் பற்றி அதிகம் பேசியதாகத் தெரியவில்லை.

மாநிலங்கள் உதறிவிட்டுப் போகுமா என்றால், போயிருக்கின்றன, அதுவும் இதே மானியத்தில். 2006-ல் ஆடம் வால்ஷ் சட்டம் வந்தது. பாலியல் குற்றவாளிகளின் பதிவேட்டை ஒரே மாதிரி நடத்தாத மாநிலத்துக்குப் பைர்ன் மானியத்தில் பத்து சதவீதம் வெட்டு என்றது. அரசியலில் இதைவிடச் சுலபமான விஷயம் கிடையாது; பாலியல் குற்றவாளிகளுக்காகப் பரிந்து பேசி எந்த அரசியல்வாதி ஓட்டு வாங்கமுடியும்? அப்படியும் பாதி மாநிலங்கள்கூட முழுமையாக அமல்படுத்தவில்லை. டெக்சாஸில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அமல்படுத்த மூன்று கோடி டாலருக்கு மேல் ஆகும், இழக்கும் மானியம் பதினைந்து லட்சம் டாலருக்குள். வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். சுலபமான விஷயத்துக்கே இந்த நிலை என்றால், நீதிபதி, அரசு வழக்கறிஞர், ஷெரிஃப், ஜாமீன் முகவர் சங்கம் என்று எல்லோரும் சண்டைக்கு நிற்கும் ஜாமீன் விஷயத்தில் என்ன நடக்கும்?

மது வயது விஷயத்தில் மட்டும் ஐந்து சதவீதம் எப்படிப் பலித்தது என்று நீங்கள் கேட்கலாம். அங்கே மாநிலத்துக்குச் செலவு இல்லை. சட்டத்தில் ஒரு எண்ணை மாற்றினால் வேலை முடிந்தது. சில ஆண்டுகளில் எல்லா மாநிலமும் மாற்றிவிட்டன. ஜாமீனில் எண்ணை மாற்ற முடியாது, ஒரு முழு ஏற்பாட்டையே மாற்றவேண்டும். அதற்குச் செலவு இருக்கிறது.

செலவுக்குப் போகுமுன் இன்னொன்று. மானியத்தை வாங்குவது போலீசும் ஷெரிஃபும். ஜாமீனை முடிவு செய்வது நீதிபதி. பல மாநிலங்களில் நீதிபதி தேர்தலில் நின்று வருகிறவர். அவர் நிலையில் இருந்து பாருங்கள். அவர் விடுவித்த ஒருவன் அடுத்த வாரம் கொலை செய்தால் மறுநாள் செய்தியில் நீதிபதியின் பெயரும் படமும் வரும். அவர் விடுவிக்காத ஒருவன் மூன்று வாரம் உள்ளே இருந்து வேலையை இழந்தால் எந்தப் பத்திரிகையும் எழுதாது. இந்த நிலையில் 50,000 டாலர் என்று ஒரு தொகையைச் சொல்லிவிடுவது அவருக்கு எவ்வளவு வசதி! விட மறுத்தேன் என்றும் இல்லை, விட்டேன் என்றும் இல்லை. பணம் கட்டிப் போனால் அது அவன் சாமர்த்தியம். அந்த ஊர் போலீசுக்கு அடுத்த ஆண்டு நாலு ரோந்து வண்டி குறையும் என்று சொன்னால் இந்த நீதிபதி தன் வழக்கத்தை மாற்றிக்கொள்வாரா?

சரி, சட்டமன்றத்தை நெருக்கலாமே என்றால், அங்கே வேறொரு தடை. பெரும்பாலான மாநில அரசியலமைப்புகளில், மரண தண்டனைக்குரிய குற்றம் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் தகுந்த பிணையின் பேரில் விடுதலை பெறும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதனால், உண்மையிலேயே ஆபத்தான ஆளைக்கூட வெளிப்படையாக “உன்னை விடமாட்டேன்” என்று சொல்லி வைத்திருக்க நீதிபதிக்கு அதிகாரம் இல்லாமல் போகிறது. அதற்குப் பதிலாகத்தான் கட்டமுடியாத தொகையை விதிக்கிறார்கள். பணத்தை எடுத்துவிட்டால் அந்த அதிகாரத்தை நேராகக் கொடுத்தாகவேண்டும், அதற்கு அரசியலமைப்பைத் திருத்தவேண்டியிருக்கும், அதற்கு மக்கள் வாக்களிக்கவேண்டும். நியூஜெர்சியில் 2014-ல் அப்படித்தான் நடந்தது, நியூ மெக்சிகோவில் 2016-ல். காங்கிரஸ் கெடு வைத்தால் வாக்காளர்கள் கேட்பார்களா? கலிபோர்னியாவில் 2018-ல் பண ஜாமீனை ஒழித்துச் சட்டமே நிறைவேறியது. ஜாமீன் தொழில்துறை கையெழுத்து திரட்டி அதைப் பொதுவாக்கெடுப்புக்குக் கொண்டுபோனது. 2020 நவம்பரில் வாக்காளர்கள் அந்தச் சட்டத்தைத் தோற்கடித்தார்கள். இத்தனைக்கும் அதே நாளில் அதே மாநிலம் பைடனுக்கு அள்ளிக்கொடுத்தது.

நியூஜெர்சியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் உருப்படியாகச் செய்து காட்டிய இடம் அது. 2013-ல் அங்கே ஒரு ஆய்வு. சிறையில் இருந்தவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் 2,500 டாலரோ அதற்குக் குறைவாகவோ ஜாமீன் கட்டமுடியாமல் மட்டுமே உள்ளே இருந்தார்கள். கட்சிகளைத் தாண்டி எல்லோரையும் உலுக்கிய கணக்கு அது. ஆளுநர் கிறிஸ்டி குடியரசுக் கட்சி, சட்டமன்றம் ஜனநாயகக் கட்சி. மாநிலத் தலைமை நீதிபதி ரேப்னர் தானே முன்நின்றார். 2017 ஜனவரி 1-ல் புதிய முறை தொடங்கியது. அந்த ஆண்டு முழுவதும் பண ஜாமீன் விதிக்கப்பட்டது ஐம்பது முறைகூட இல்லை. 2015 முடிவுக்கும் 2018 முடிவுக்கும் இடையில் விசாரணைக் கைதிகளின் எண்ணிக்கை 44 சதவீதம் வாக்கில் குறைந்தது.

அப்புறம் செலவு. கைதான 48 மணி நேரத்துக்குள் ஒவ்வொருவரைப் பற்றியும் முடிவெடுக்கவேண்டும் என்று சட்டம். அதாவது வார இறுதியிலும் நீதிமன்றம் இயங்கவேண்டும். பழைய வழக்குகள், ஆஜராகாமல் போன வரலாறு எல்லாவற்றையும் எடுத்து மதிப்பீடு தயாரிக்க ஆட்கள் வேண்டும். விடுவிக்கப்பட்டவரோடு தொலைபேசியிலோ நேரிலோ தொடர்பில் இருக்க அலுவலர்கள் வேண்டும். வைத்திருக்கவேண்டும் என்று அரசுத் தரப்பு கேட்டால் அதற்குத் தனி விசாரணை, இரு பக்கமும் வக்கீல். உள்ளே வைத்தவரின் வழக்கை இத்தனை நாளுக்குள் முடிக்கவேண்டும் என்று கெடு. இவ்வளவுக்கும் நியூஜெர்சி பணம் தேடிய இடம், நீதிமன்றக் கட்டண உயர்வு. கட்டண வரவு நின்ற இடத்தில் நிற்க, சம்பளம் ஏறிக்கொண்டே போக, பற்றாக்குறை வருகிறது என்று நீதித்துறை தன் ஆண்டறிக்கைகளில் திரும்பத் திரும்ப எச்சரித்தது. வெற்றி பெற்ற மாநிலமே இப்படித் திண்டாடியது. மத்திய மானியத்துக்கு உண்மையான வேலை இருந்த இடம் இதுதான்.

பணம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வாஷிங்டன் நகரமே சாட்சி. கட்டமுடியாத தொகை விதித்து ஒருவரை உள்ளே வைக்கக்கூடாது என்று அங்கே 1992-லிருந்து சட்டம். கைதாகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பணம் கட்டாமல் வெளியே வந்து, வழக்குக்கும் ஒழுங்காக வந்துபோகிறார்கள். இதை நடத்துவது விசாரணைக்கு முந்தைய சேவைகளுக்கான ஒரு தனி நிறுவனம். அதன் முழுச் செலவையும் மத்திய அரசே ஏற்கிறது, ஆண்டுக்கு ஆறு கோடி டாலருக்கு மேல். ஒரே ஒரு நகரத்துக்கு இவ்வளவு. ஹாரிஸ்–பால் மசோதா ஐம்பது மாநிலங்களுக்கும் சேர்த்து வைத்த தொகை ஒரு கோடி என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொடுக்கும் வழி சரிதான், கொடுத்த தொகை காபிச் செலவுக்குக்கூடக் காணாது.

எல்லாமே இவ்வளவு செலவு பிடிக்கும் என்றும் சொல்லமாட்டேன். ஆட்கள் வழக்குக்கு வராமல் போவதற்கு முக்கியமான காரணம் தப்பி ஓடுவது அல்ல. மறதி, வேலைக்கு லீவு கிடைக்காதது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதது, இப்படித்தான். நியூயார்க் நகரில் சிறு குற்றங்களுக்குக் கொடுக்கும் சம்மன் தாளைத் திருத்தி, தேதியையும் இடத்தையும் மேலே பெரிதாகப் போட்டார்கள். அதிலேயே வராதவர் எண்ணிக்கை எட்டில் ஒரு பங்கு வாக்கில் குறைந்தது. கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பியதில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஜாமீன் தொகை எதற்காக என்று கேட்டால் ஆளை வரவைக்க என்பார்கள். ஒரு குறுஞ்செய்தி அந்த வேலையில் ஒரு பகுதியைச் சில காசுக்குச் செய்துவிடுகிறது.

இந்த மசோதாக்களில் எனக்கு இன்னொரு பெரிய கவலை உண்டு. “பண ஜாமீன் இல்லை” என்பதை மட்டும் நிபந்தனையாக வைத்தால், பணத்தை எடுத்துவிட்டு எல்லோரையும் உள்ளே வைத்திருக்கும் மாநிலமும் தேர்ச்சி பெற்றுவிடும். கற்பனைக்காகச் சொல்லவில்லை, மத்திய நீதிமன்றங்களே உதாரணம். 1984-ன் ஜாமீன் சீர்திருத்தச் சட்டம், ஒருவரை உள்ளே வைக்கும்படி பண நிபந்தனை விதிக்கக்கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அதே சட்டம், ஆபத்தானவர் என்று கருதினால் ஜாமீனே மறுக்கலாம் என்றும் சொன்னது. 1987-ல் சலர்னோ வழக்கில் உச்சநீதிமன்றம் அதை ஏற்றது. அந்தச் சட்டத்துக்கு முன் மத்திய வழக்குகளில் உள்ளே வைக்கப்பட்டவர் நாலில் ஒருவருக்கும் குறைவு. இப்போது, குடியேற்ற வழக்குகளையும் சேர்த்தால், நாலில் மூன்று பேர் வரை வருகிறது. காசு கேட்காத நீதிமன்றம்தான், ஆனால் கதவும் திறப்பதில்லை. கலிபோர்னியாவின் 2018 சட்டத்துக்குக் கொடுத்த ஆதரவிலிருந்து சிவில் உரிமை அமைப்புகளே கடைசி நேரத்தில் விலகிக்கொண்டதற்கும் இந்தப் பயம்தான் காரணம். சாண்டர்ஸ் மசோதாவில் மூன்று ஆண்டு கழித்து ஒரு தணிக்கை ஆய்வு வேண்டும் என்று இருந்தது. இதை யோசித்திருக்கிறார்கள், ஆனால் கெட்டபின் வந்து பார்க்கும் ஆய்வு அது.

நான் எழுதுவதாக இருந்தால் நிபந்தனையை வேறு இடத்தில் வைப்பேன். விசாரணைக்கு முன் எத்தனை பேர், எத்தனை நாள் உள்ளே இருக்கிறார்கள் என்ற கணக்கை மாதாமாதம் வெளியிட்டால்தான் பணம். முதல் விசாரணையிலேயே வக்கீல் இருந்தால்தான் பணம். அந்தப் பணமும் போலீசுக்குப் போகும் மானியத்திலிருந்து வெட்டியதாக இல்லாமல், நீதிமன்றத்துக்கும் அரசு செலவில் வாதாடும் வக்கீல் அலுவலகத்துக்கும் நேராகப் போகும் புதுப் பணமாக இருக்கும். முதல் சில ஆண்டுகளுக்கு அதிகமாக, மாநிலம் தன் சிறைச் செலவில் மிச்சம் பிடிக்கத் தொடங்கியபின் குறைவாக. 1994-ல் கிளின்டன் காலத்துக் குற்றச் சட்டம் இதைத்தான் எதிர்த்திசையில் செய்தது. தண்டனையில் 85 சதவீதத்தைக் கட்டாயம் அனுபவிக்கவேண்டும் என்று சட்டம் போட்ட மாநிலங்களுக்குச் சிறை கட்ட நூற்றுக்கணக்கான கோடி டாலர் கொடுத்தார்கள். எல்லா மாநிலமும் அந்தப் பணத்துக்காகத்தான் மாறியது என்று சொல்லமுடியாது, பல ஏற்கெனவே அந்தப் பக்கம் சாய்ந்திருந்தன. ஆனால் சாய்ந்தவர்கள் திரும்பிவரமுடியாதபடி அந்தக் கட்டடங்கள் பார்த்துக்கொண்டன. அந்தப் பலத்தை ஏன் ஜாமீன் சீர்திருத்தம் கேட்கக்கூடாது?

(இடையில் ஒரு குறிப்பு. நம் மத்திய அரசு 2023-ல் கொண்டுவந்த ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டம் மூன்றாவது ஒரு வழி. விசாரணைக் கைதிக்கு அரசே ஜாமீன் தொகையைக் கட்டும்; தொடங்கியபோது வைத்த வரம்பு 40,000 ரூபாய். முறையை மாற்றவில்லை, முறை கேட்கும் பணத்தைக் கொடுத்துவிடுகிறது. மாட்டிக்கொண்ட ஆளுக்கு உடனடி நிவாரணம். தொகை விதிக்கும் பழக்கத்துக்கு எந்தக் கேள்வியும் இல்லை.)

இனி ட்ரம்ப் உத்தரவு. 2025 ஆகஸ்ட் 25-ல் கையெழுத்தானது. பொதுமக்களுக்கு ஆபத்தான குற்றங்களுக்குப் பண ஜாமீனைப் பெருமளவு ஒழித்த மாநிலங்கள், ஊர்களின் பட்டியலை முப்பது நாளில் தயாரிக்கும்படி, மத்திய நீதித்துறை அமைச்சகத்தின் தலைவரான அட்டர்னி ஜெனரலுக்குச் சொல்கிறது. அந்த இடங்களுக்குப் போகும் மத்திய நிதியில் எதையெல்லாம் நிறுத்தலாம் என்று பார்க்கச் சொல்கிறது. அதே நாளில் வாஷிங்டன் நகரத்துக்குத் தனியாக இன்னொரு உத்தரவும் வந்தது. 2016-ல் லியூ கையில் எடுத்த அதே கயிறு, இழுக்கும் திசை மட்டும் வேறு. மானியத்தை ஆயுதமாக்கலாம் என்று ஒரு தரப்பு சொன்னால், அடுத்து வருகிறவர் கையிலும் அதே ஆயுதம்தான் இருக்கும்.

சட்ட வித்தியாசம் ஒன்று உண்டு. லியூவும் சாண்டர்ஸும் காங்கிரஸ் வழியாகப் போனார்கள். பணப்பை காங்கிரஸ் கையில் இருக்கிறது. காங்கிரஸ் போடாத நிபந்தனையை ஜனாதிபதி தானாகச் சேர்க்கமுடியுமா என்பது ஏற்கெனவே அலசப்பட்ட கேள்வி. அதுவும் இதே பைர்ன் மானியத்தில். 2017-ல் அட்டர்னி ஜெனரல் செஷன்ஸ், குடியேற்றத் துறையோடு ஒத்துழைக்காத நகரங்களுக்கு இந்த மானியம் கிடையாது என்று நிபந்தனை போட்டார். சிகாகோ வழக்குப் போட்டது. 2018-ல் அந்தப் பகுதியின் ஏழாவது மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டத்தில் இல்லாத நிபந்தனையைப் போட அவருக்கு அதிகாரம் இல்லை என்றது. பிலடெல்பியா வழக்கிலும் அதே பக்கம் தீர்ப்பு. நியூயார்க் பகுதி நீதிமன்றம் மட்டும் 2020-ல் மாறுபட்டது. உச்சநீதிமன்றம் முடிவு சொல்லுமுன் ஆட்சி மாறி, அரசே நிபந்தனைகளைக் கைவிட்டது. ஆகவே கதவு முழுக்க மூடிவிட்டது என்று சொல்லமாட்டேன், ஆனால் உத்தரவு போட்டவருக்கு மேடான பாதைதான்.

உத்தரவு முதலில் குறிவைக்கக்கூடிய மாநிலம் இலினாய். பண ஜாமீனை முழுதாக ஒழித்த முதல் மாநிலம் அது. 2021-ல் சட்டம், 2023 ஜூலையில் மாநில உச்சநீதிமன்றம் ஐந்துக்கு இரண்டு என்று அதை ஏற்றது, செப்டம்பர் 18-ல் அமலுக்கு வந்தது. ஏழாவது மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் இலினாயும் வருகிறது. அதையும் தாண்டி நிதி நின்றுபோனால் யாருக்கு இழப்பு என்று பாருங்கள். அந்தச் சட்டம் வந்தபோது அதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்கள் அறுபதுக்கும் மேற்பட்ட கவுண்டிகளின் அரசு வழக்கறிஞர்களும், பல ஊர் ஷெரிஃப்களும். சட்டம் போட்ட சட்டமன்ற உறுப்பினருக்கு இந்த மானியத்தில் ஒரு டாலரும் வருவதில்லை, ஏற்றுத் தீர்ப்பு சொன்ன ஐந்து நீதிபதிகளுக்கும் வருவதில்லை. வயர்லெஸ்ஸும் ரோந்து வண்டியும் குறையப்போவது எதிர்த்து வழக்குப் போட்ட அந்த ஷெரிஃப்களுக்குத்தான்.